கேட்டதும் சொன்னதும்: சாக்ரடீஸிலிருந்து புளோட்டினஸ் வரை

போன இதழில் சாக்ரடீஸின் கடைசி நாளைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியிருந்தன: தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வதைப் பற்றி அந்தக் காலத்துக் கிரேக்க, ரோமானிய ஞானிகள் என்னதான் நினைத்தார்கள்? ஆளுக்கு இரண்டு வரி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்த முறை முழுக்க அதுதான். சினிமா, அரசியல் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கே: சாக்ரடீஸ் நஞ்சுக் கோப்பையைத் தன் கையால் வாங்கித் தானே குடித்தார். அப்படியானால் அது தற்கொலைதானே? (ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்)

ப: கை அவருடையது. தீர்ப்பு ஏதென்ஸ் நகரத்துடையது. கி.மு. 399-இல் மரண தண்டனை விதித்தார்கள், அதை நிறைவேற்றும் முறை அப்படி இருந்தது. 'நண்பர் கிரிட்டோ தப்பிக்க வழி செய்தும் அவர் போகவில்லையே' என்று மடக்குகிறவர்கள் உண்டு. தண்டனைக்குத் தலைகொடுப்பதும் சாவைத் தேடிப் போவதும் வேறுவேறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி அன்றைக்கு அந்தச் சிறைக்குள்ளேயே எழுந்தது. பிளேட்டோ எழுதிய 'ஃபீடோ' உரையாடலில் வருகிறது. எவீனஸ் என்ற கவிஞருக்கு சாக்ரடீஸ் ஒரு செய்தி சொல்லி அனுப்புகிறார்: 'புத்தியுள்ளவராக இருந்தால் சீக்கிரம் என் பின்னால் வரட்டும்.' சொன்ன கையோடு, 'ஆனால் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளக் கூடாது' என்கிறார். தீப்ஸிலிருந்து வந்திருந்த கீபிஸ் அங்கேயே குறுக்கிடுகிறான். வரச் சொல்கிறீர்கள், வரவும் கூடாது என்கிறீர்கள், இது என்ன கணக்கு?

சாக்ரடீஸ் சொன்ன பதில்: நாம் ஒரு காவலில் வைக்கப்பட்டிருக்கிறோம், நம்மை நாமே விடுவித்துக்கொண்டு ஓடக் கூடாது. நாம் தேவர்களின் உடைமை. உன் உடைமைகளில் ஒன்று உன்னைக் கேட்காமல் தன்னை அழித்துக்கொண்டால் உனக்குக் கோபம் வராதா? இவ்வளவும் தெளிவு. அப்புறம் ஒரு சின்ன விலக்கு சேர்க்கிறார்: 'இப்போது என் மேல் வந்திருப்பதைப் போல ஒரு கட்டாயத்தை தேவர் அனுப்பும் வரை' கூடாது. எது தேவர் அனுப்பிய கட்டாயம், எது நம் மனச்சோர்வு என்று எப்படிப் பிரிப்பது? அதை அவர் சொல்லவில்லை. அடுத்த அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் கிரேக்கர்களும் ரோமானியர்களும் இந்த விலக்கைத்தான் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள்.

அம்பிராசியா ஊரைச் சேர்ந்த கிளியோம்ப்ரோட்டஸ் என்பவன், வேறு ஒரு துன்பமும் இல்லாமல், இந்த ஒரு நூலைப் படித்துவிட்டே உயிரை விட்டதாகக் கவிஞர் காலிமாக்கஸ் நான்கு வரியில் எழுதி வைத்தார். உண்மையோ கதையோ, எனக்கு ஒரு சந்தேகம். 'கூடாது' என்ற பகுதி நூலின் தொடக்கத்திலேயே வருகிறது. அவன் பின்பாதியை மட்டும் படித்திருப்பானோ?

கே: பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் அதை முற்றிலும் கண்டித்தார்கள் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். சரிதானா?

ப: பாதி சரி. பிளேட்டோ முதிய வயதில் எழுதிய 'சட்டங்கள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் கடுமையான விதி ஒன்று இருக்கிறது. அப்படிச் செத்தவரைத் தனியாக, நாட்டின் பன்னிரண்டு பிரிவுகளின் எல்லையில், பெயரில்லாத தரிசு நிலத்தில் புதைக்க வேண்டும். கல் நடக் கூடாது, பெயர் எழுதக் கூடாது. மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே வாக்கியத்தின் முன்பகுதியில் பிளேட்டோ சிலரை விலக்கி வைக்கிறார்: நகரம் தீர்ப்பளித்தவர்கள், தப்ப முடியாத பெருந்துயரத்தில் சிக்கியவர்கள், மீளவே முடியாத அவமானத்துக்கு ஆளானவர்கள். சோம்பலாலும் கோழைத்தனத்தாலும் செய்தவருக்குத்தான் அந்தத் தரிசு நிலம். ஆக, முழுத் தடை விதித்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மனநோயைப் பற்றி இந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இன்று படிக்கும்போது அந்த இடைவெளிதான் என் கண்ணில் முதலில் படுகிறது.

அரிஸ்டாட்டில் வேறு வழியில் வருகிறார். வறுமையிலிருந்தோ காதலிலிருந்தோ ஏதோ ஒரு வேதனையிலிருந்தோ தப்பிக்கச் சாவது வீரம் ஆகாது, அது கோழைத்தனம் என்று நிக்கோமாக்கஸ் அறநூலில் ஓரிடத்தில் சொல்கிறார். இன்னோரிடத்தில் ஒரு புதிர்: கோபத்தில் தன்னைக் கொல்பவன் யாருக்கு அநீதி செய்கிறான்? தனக்கு என்று சொல்ல முடியாது, ஏனென்றால் மனமுவந்து யாரும் அநீதிக்கு ஆளாவதில்லை. ஆகவே நகரத்துக்குத்தான் அநீதி, அதனால்தான் நகரம் அவனுக்கு ஓர் அவமதிப்பை விதிக்கிறது என்கிறார்.

அந்த அவமதிப்பு எப்படி இருந்தது என்று வழக்குமன்றப் பேச்சாளர் எஸ்கினிஸ் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார்: அந்தச் செயலைச் செய்த கையை உடலிலிருந்து பிரித்து வேறிடத்தில் புதைப்பார்கள். தர்க்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அரிஸ்டாட்டிலின் கணக்கில் அந்த மனிதனுக்கு என்ன வலி என்று விசாரிக்க ஓர் ஆளைக் கூடக் காணோம். நகரம் மட்டும் நஷ்டஈடு கேட்டு நிற்கிறது.

கே: ஸ்டோயிக்குகள் தற்கொலையைப் புகழ்ந்தார்களாமே? இன்று ஸ்டோயிக் வாசகங்களைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். பயமாக இருக்கிறது. (மூன்று பிள்ளைகளின் தாய்)

ப: பயத்துக்கு ஓரளவு காரணம் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டோயிக்குகள் என்றால் அறம் ஒன்றே நன்மை, மற்றதெல்லாம் பொருட்டல்ல என்ற தத்துவப் பள்ளிக்காரர்கள். அவர்களுடைய பழைய நிலைப்பாட்டை, தத்துவவாதிகளின் வரலாற்றை எழுதிய டயோஜெனிஸ் லயர்ஷியஸ் தொகுத்துத் தருகிறார்: நாட்டுக்காகவோ நண்பர்களுக்காகவோ, தாங்க முடியாத வலி, உறுப்புச் சிதைவு, தீராத நோய் என்று வந்தாலோ, ஞானி தகுந்த காரணத்தோடு உயிரை விடலாம். இதில் 'ஞானி' என்ற சொல்லை எல்லோரும் சும்மா தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்டோயிக் ஞானி என்றால் தவறே செய்யாதவர், பொய்யான எதற்கும் மனத்தால் கூடத் தலையாட்டாதவர். அப்படிப்பட்டவர் ஃபீனிக்ஸ் பறவையைப் போல ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை பிறக்கலாம் என்கிறார் ரோமானிய ஸ்டோயிக் செனேகா. அந்தப் பள்ளியின் பெரிய மூளையான கிரிசிப்பஸ், தானும் ஞானி இல்லை, தனக்குத் தெரிந்த ஒருவரும் ஞானி இல்லை என்று ஒப்புக்கொண்டவர். ஆக, அனுமதிச் சீட்டைப் பக்குவமாக எழுதி, முகவரியில்லாத ஓர் ஆளின் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ரோமானிய அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோ இதன் விசித்திரத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறார். ஸ்டோயிக் கணக்குப்படி மகிழ்ச்சியாக இருக்கும் ஞானிக்குப் போவது சரியாக இருக்கலாம், துன்பத்தில் இருக்கும் மூடனுக்கு இருப்பதுதான் சரியாக இருக்கலாம். ஏனென்றால் இன்ப துன்பம் அவர்களுக்குக் கணக்கிலேயே இல்லை. உடல்நலம், உறவு போன்ற இயற்கையோடு ஒத்த விஷயங்கள் அதிகமா, அவற்றுக்கு எதிரானவை அதிகமா என்பதுதான் கணக்கு. 'வாழ்க்கை கசந்துவிட்டது, போகிறேன்' என்று சொல்கிறவரைப் பார்த்து, அது காரணமே ஆகாது என்று முதலில் சொல்பவர் கண்டிப்பான ஸ்டோயிக்காகத்தான் இருப்பார்.

நீங்கள் பார்க்கும் வாசகங்களில் பாதி எபிக்டெடஸ் சொன்னவை. 'வீட்டில் புகை கொஞ்சமென்றால் இருப்பேன், அதிகமென்றால் வெளியேறுவேன், கதவு திறந்திருக்கிறது' என்பது அவருடையதுதான். அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனம், பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளைத் துரத்தியபோது ரோமைவிட்டுப் போய் நிக்கோபோலிஸில் பள்ளி நடத்தியவர். அடிமைப் பிழைப்பை அறிந்தவர் வாயில் 'கதவு' என்ற சொல்லுக்கு, எந்தக் கொடுங்கோலனும் என்னைக் கடைசிவரை கட்டிப்போட முடியாது என்ற எடை இருக்கிறது. அந்தச் சூழலை வெட்டிவிட்டு வாசகத்தை மட்டும் பகிர்வது அநியாயம்.

இதே எபிக்டெடஸின் மாணவர் அர்ரியன் எழுதி வைத்த பாடங்களில் இன்னொரு சம்பவம் வருகிறது. அவருடைய நண்பர் ஒருவர் காரணமே இல்லாமல் சாப்பாட்டை நிறுத்திச் செத்துப்போக முடிவு செய்துவிட்டார். மூன்றாம் நாள்தான் எபிக்டெடஸுக்குச் செய்தி எட்டுகிறது. நேரே போய், என்ன ஆயிற்று என்கிறார். 'முடிவு செய்துவிட்டேன்.' சரி, எதனால்? 'எடுத்த முடிவில் உறுதியாக நிற்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?' அதற்கு எபிக்டெடஸ்: 'என்னப்பா செய்கிறாய்! எல்லா முடிவிலுமா? சரியான முடிவில் மட்டும்தான்.' அஸ்திவாரம் உறுதியா என்று பார்க்காமல் மேலே கட்டடம் எழுப்பாதே என்கிறார். அந்த மனிதரைப் பெரும்பாடு பட்டு மனம் மாற்றியதாகச் சொல்கிறார். 'கதவு திறந்திருக்கிறது' என்பதைப் பகிர்கிறவர்கள் இதையும் பகிர்ந்தால் நன்றாக இருக்கும்.

எபிக்டெடஸுக்கு ஆசிரியரான முசோனியஸ் ரூஃபஸ் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: பலருக்குப் பயன்படும்படி வாழ்கிறவர், செத்தால் அதைவிட அதிகம் பேருக்குப் பயன் என்றால் ஒழிய, சாவைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லாதவர்.

கே: இன்பமே வாழ்வின் நோக்கம் என்றவர் எபிகூரஸ். இன்பம் தீர்ந்தால் கிளம்ப வேண்டியதுதானே?

ப: அப்படி நினைக்கத் தோன்றும், மனிதர் நேர் எதிராகப் பேசுகிறார். உயிரை விட நிறையக் காரணங்கள் வைத்திருப்பவன் எல்லா வகையிலும் சின்ன மனிதன் என்பது அவர் வாக்கு. 'பிறக்காமலிருப்பதே நல்லது, பிறந்துவிட்டால் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்' என்ற பழைய கவிதை வரியை எடுத்துவைத்துக்கொண்டு, இதை நம்பிச் சொல்கிறவன் ஏன் இன்னும் இங்கே இருக்கிறான், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்றால் விளையாடுகிற விஷயமா இது என்று கேட்கிறார்.

அவருடைய கடைசி நாட்களில் சிறுநீரகக் கல், வயிற்றுக் கடுப்பு, பதினான்கு நாள் வேதனை. அந்த நிலையில் நண்பர் இடோமினியஸுக்கு எழுதிய கடிதத்தில், வலி இதற்கு மேல் போக முடியாத அளவில் இருக்கிறது, ஆனால் நம் பழைய உரையாடல்களை நினைக்கும் சந்தோஷம் அதற்கு எதிரில் நிற்கிறது என்கிறார். அடுத்து, இறந்த நண்பர் மெட்ரோடோரஸின் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும்படி கேட்கிறார். இன்பவாதி என்றால் விருந்தும் கூத்தும் என்று நினைப்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும்.

உங்கள் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோன ஆள் வேறொருவர், இன்பத்தையே நோக்கமாகக் கொண்ட சைரீனிப் பள்ளியின் ஹெகேசியஸ். மகிழ்ச்சி என்பது கிடைக்கவே கிடைக்காது என்று அலெக்சாந்திரியாவில் பேசிப் பேசி, கேட்டவர்கள் பலர் உயிரை விட்டதால் எகிப்தின் தாலமி மன்னர் அவர் பேச்சுக்கே தடை போட்டார் என்று சிசரோ எழுதுகிறார். கேள்விப்பட்டதாகத்தான் எழுதுகிறார். ஆனால் சாவைப் பற்றிய பேச்சு கேட்பவரைத் தொற்றிக்கொள்ளும் என்று அன்றைக்கே கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்.

கே: கேட்டோ மாவீரரா, பிடிவாதக்காரரா?

ப: இரண்டும். சீசரை எதிர்த்த ரோமானிய அரசியல்வாதி அவர். கி.மு. 46-இல் சீசரின் படை நெருங்கியபோது ஆப்பிரிக்காவின் உட்டிகா நகரில் இருந்தார். அன்றிரவு 'ஃபீடோ'வை இரண்டு முறை படித்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். எந்த நூல்? 'கூடாது' என்று சொல்கிற அதே நூல்! சீசரின் மன்னிப்பை ஏற்று வாழ அவருக்கு மனமில்லை. செய்தி கேட்ட சீசர், 'உன்னைக் காப்பாற்றும் பெருமையை எனக்குத் தர மறுத்தாய், உன் சாவு மேல் எனக்கும் பொறாமைதான்' என்கிற மாதிரிச் சொன்னாராம்.

சிசரோ இதற்கு நழுவலான ஒரு பதில் வைத்திருந்தார். நமக்குள்ளே ஆளும் தெய்வம் தன் உத்தரவில்லாமல் போகாதே என்கிறது, ஆனால் அன்று சாக்ரடீஸுக்கும் இன்று கேட்டோவுக்கும் அதுவே காரணம் கொடுத்தது என்றார். பிறகு 'கடமைகள்' நூலில், அது கேட்டோவின் இயல்புக்குப் பொருந்திய செயல், அதே இடத்தில் வேறொருவர் செய்திருந்தால் குற்றமாகியிருக்கலாம் என்றார். முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை என்று நாசூக்காகச் சொல்வதாகவே நான் படிக்கிறேன்.

நூற்றாண்டுகள் கழித்துக் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் கேட்ட கேள்விதான் குத்துகிறது. சீசரின் கீழ் வாழ்வது அவ்வளவு அவமானமென்றால், மகனை மட்டும் சீசரின் கருணையை நம்பி வாழச் சொன்னது ஏன்? எனக்குத் தெரிந்து கேட்டோவின் ரசிகர்கள் யாரும் இதற்குச் சரியான பதில் சொன்னதில்லை.

கே: பெரிய மனிதர்கள் சரி, சாதாரண ஜனங்கள்? (ஒரு கணக்காளர்)

ப: உங்கள் தொழிலுக்கேற்ற ஆதாரம் ஒன்று இருக்கிறது. ரோமுக்குத் தெற்கே லனுவியம் என்ற ஊரில் ஈமச்சடங்குச் சங்கம் ஒன்றின் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், கி.பி. 136-ஆம் ஆண்டு. சேரும்போது 100 செஸ்டெர்ஸும் (ரோமானிய நாணயம்) ஒரு ஜாடி நல்ல திராட்சை மதுவும், அப்புறம் மாதம் 5 ஆஸ் (அதைவிடச் சின்ன நாணயம்) சந்தா. உறுப்பினர் இறந்தால் சடங்குக்கு 300 செஸ்டெர்ஸ், அதில் 50 சிதை அருகே பகிர்ந்தளிக்கப்படும். அடிமைகளும் உறுப்பினர்கள். செத்த அடிமையின் உடலை எசமான் தர மறுத்தால் உருவம் செய்து வைத்துச் சடங்கு நடத்துவார்கள், அவ்வளவு மனிதத்தன்மை. அதே கல்லில், எந்தக் காரணத்துக்காகத் தன்னைக் கொன்றுகொண்டாலும் பணம் கிடையாது என்று ஒரு வரி. ஸ்டோயிக்குகளின் 'தகுந்த காரணம்' எல்லாம் சங்கக் கணக்கில் செல்லாது.

சட்டம் இன்னும் வறட்டுத்தனமானது. அடிமையை விற்கும்போது அவன் எப்போதாவது உயிரை விட முயன்றிருந்தால் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும், சரக்கில் குறை மாதிரி. படைவீரன் முயன்று பிழைத்தால் தண்டனை. ஆனால் தாங்காத வலி, வாழ்க்கை வெறுப்பு, பித்து போன்றவை காரணமென்றால் உயிர்த் தண்டனை இல்லை, அவமானத்தோடு படையிலிருந்து நீக்கம் மட்டும். குற்ற வழக்கில் சிக்கியவர் தீர்ப்புக்கு முன் உயிரை விட்டால் சொத்து அரசுக்குப் போகலாம், நோயாலோ வாழ்க்கை வெறுப்பாலோ என்றால் வாரிசுக்கு. எங்கே பணமும் ஆளும் நஷ்டமாகிறதோ அங்கேதான் சட்டத்துக்குக் கண் தெரிந்திருக்கிறது.

கே: செனேகா அதைப் பற்றி எழுதித் தள்ளினார், கடைசியில் அப்படியே செத்தார். சொன்னதைச் செய்தவர் என்று பாராட்டலாமா?

ப: வேண்டாம். கி.பி. 65-இல் பேரரசர் நீரோவின் உத்தரவு வந்தது. படைத் தலைவன் வாசலில் நிற்கும்போது 'தேர்வு' என்ற பேச்சுக்கு இடமேது? அதை மரண தண்டனை என்றே சொல்வேன். கூடவே சாக விரும்பிய மனைவி பவுலினா காப்பாற்றப்பட்டுச் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

செனேகாவோடு எனக்குத் தகராறு உண்டு. பெரும் பணக்காரர், கொடுங்கோலனின் ஆலோசகர், அலங்காரமாகப் பேசுவதில் மயக்கம் உள்ளவர். அவருடைய கடிதத் தொகுப்பில் 70-ஆம் கடிதத்தில் விடுதலைக்கான வழிகளை அவர் அடுக்குவதைப் படித்தால், இந்த ஆளைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம் போலிருக்கும். ஆனால் அவரே 24-ஆம் கடிதத்தில் சொல்கிறார்: வீரமும் அறிவும் உள்ளவன் வாழ்விலிருந்து ஓடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பலரைப் பீடிக்கும் சாவின் மீதான வேட்கையைத் தவிர்க்க வேண்டும். அப்படி ஒரு வேட்கை உண்டு, அது தத்துவ வேடம் போட்டு வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எப்படித் தெரிந்தது என்பது 78-ஆம் கடிதத்தில் இருக்கிறது. இளம் வயதில் ஓயாத சளிநோய், உருகி எலும்பாகிவிட்டார். உயிரை விட்டுவிடலாம் என்று பலமுறை தோன்றியதாம். தடுத்தது தத்துவம் இல்லை, வயதான அப்பா. நான் எவ்வளவு துணிவாகச் சாவேன் என்று பார்க்கவில்லை, அவர் என்னை இழந்து எவ்வளவு தவிப்பார் என்று பார்த்தேன், ஆகவே வாழும்படி எனக்கு நானே கட்டளையிட்டேன், சில நேரம் வாழ்வதே துணிவான செயல்தான் என்கிறார். நண்பர்கள் வந்து உட்கார்ந்து பேசியதும் தன்னை மீட்டது என்று அடுத்தபடி சொல்கிறார். வயதான பிறகு எழுதிய 104-ஆம் கடிதத்தில் அப்பாவின் இடத்தில் பவுலினா. அவள் உயிர் என் உயிரோடு கட்டியிருக்கிறது, அவளுக்காக என்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்கிறார். நோயில் செத்துக்கொண்டிருந்த அந்த இளைஞன் போயே போயிருந்தால் நமக்கு ஒரு கடிதமும் கிடைத்திருக்காது.

கே: (பெயரும் ஊரும் வெளியிடவில்லை.) சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. 'கதவு திறந்திருக்கிறது' என்ற எண்ணம்தான் ஆறுதலாக இருக்கிறது. பழைய ஞானிகளே அனுமதித்ததுதானே?

ப: இதழ் அச்சாகி வர நாளாகும் என்பதால் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டோம். இருந்தாலும் இங்கேயும் சொல்கிறேன், உங்களைப் போல இன்னும் சிலர் படிக்கக்கூடும்.

முதலில் வேலை. இன்றைக்கே ஒருவரிடம், யாராவது ஒருவரிடம், இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். மருத்துவரைப் பாருங்கள். மாதக்கணக்கில் எதிலும் ஒட்டாமல் போவது சிகிச்சை உள்ள நோயாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. எண்ணம் நெருக்கினால் தனியாக இருக்காதீர்கள், அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ உடனே அழையுங்கள். தத்துவம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்போது தத்துவம். சாக்ரடீஸின் சீடர் அந்திஸ்தனிஸ் நோயில் கிடந்து, 'இந்த வேதனையிலிருந்து என்னை யார் விடுவிப்பார்?' என்று புலம்பினார். பார்க்க வந்த சினிக் தத்துவவாதி டயோஜெனிஸ் (மேலே வந்த லயர்ஷியஸ் வேறு ஆள்) ஒரு கத்தியைக் காட்டி 'இது' என்றார். கிழவர் பதறிப்போய், 'வேதனையிலிருந்து என்றுதானே சொன்னேன், வாழ்விலிருந்து என்றா சொன்னேன்?' என்றாராம். டயோஜெனிஸின் கேலியை விட்டுவிடுங்கள், கிழவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் நான் படித்ததும் அதுதான்: உங்களுக்கு முடிய வேண்டியது வேதனை.

அடுத்து போர்ஃபிரி. ரோமில் தத்துவம் கற்பித்த புளோட்டினஸின் மாணவர். கி.பி. 268 வாக்கில் உயிரை விட்டுவிடுவது என்று மனத்துக்குள் முடிவு கட்டியிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று புளோட்டினஸ் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்த விருப்பம் தெளிந்த அறிவிலிருந்து வரவில்லை, மனச்சோர்வு நோயிலிருந்து வருகிறது, ஊரைவிட்டுக் கொஞ்ச காலம் போய் இரு என்றார். இதை ஒரு தத்துவவாதி சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஆன்மா, உடல் என்று விவாதம் நடத்தவில்லை. நோய் என்று பெயர் சொன்னார், இடத்தை மாற்றச் சொன்னார். போர்ஃபிரி சிசிலிக்குப் போனார், குணமானார். ஆசிரியரின் கடைசி நேரத்தில் கூட இருக்க முடியாமல் போனதே என்ற குறை அவருக்கு இருந்தது. பிறகு புளோட்டினஸின் 54 கட்டுரைகளையும் ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதிகளாக்கி வெளியிட்டவர் அவர்தான்.

இன்னொருவர் சிசரோ. கி.மு. 58-இல் நாடு கடத்தப்பட்டு, எல்லாம் போயிற்று என்று சாகத் துணிந்திருந்தார். நண்பர் அட்டிகஸ் விடவில்லை. அவருக்கு சிசரோ எழுதினார்: 'என்னை வாழக் கட்டாயப்படுத்தியதற்கு உனக்கு நன்றி சொல்லும் நாளை நான் பார்க்க வேண்டும், இதுவரை அதற்காக வருந்தத்தான் செய்கிறேன்.' நன்றி சொல்லும் நிலையில் இல்லை, அதையும் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே ரோம் திரும்பினார். மேலே நான் காட்டிய சிசரோவின் நூல்கள் ஒவ்வொன்றும் அதற்குப் பிறகு எழுதியவை. இப்போது உங்களுக்கு யார் மேலும் நன்றி வராவிட்டால் பரவாயில்லை. அட்டிகஸ் மாதிரி ஓர் ஆளுக்கு ஒரு வரி அனுப்புங்கள். எங்களுக்கும் எழுதுங்கள்.

கே: 'வாழ்வும் சாவும் ஒன்றே' என்று சொன்ன தத்துவவாதி யார்?

ப: மிலேட்டஸ் ஊர் தேல்ஸ். 'அப்படியானால் நீர் ஏன் சாகவில்லை?' என்று ஒருவர் கேட்டாராம். 'இரண்டும் ஒன்றுதானே, அதனால்தான்' என்றாராம்.

கே: தீராத நோயில் இருப்பவரைப் பற்றியும் அவர்கள் இப்படித்தான் பேசினார்களா?

ப: இல்லை, அங்கே குரல் மாறுகிறது. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி தன் நண்பர் டைட்டியஸ் அரிஸ்டோவைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. நெடுநாள் நோய். நண்பர்களை அழைத்து, மருத்துவர்களிடம் உண்மையைக் கேட்டு வரச் சொல்கிறார். தீராது என்றால் போய்விடுகிறேன், கஷ்டமும் தாமதமும்தான் என்றால் தாங்கிக்கொள்கிறேன், மனைவியின் வேண்டுதலுக்கும் மகளின் கண்ணீருக்கும் அவ்வளவாவது கடன்பட்டிருக்கிறேன் என்கிறார். பலரும் ஒரு வேகத்தில் சாவை நோக்கி ஓடுவார்கள், நின்று யோசிப்பது அரிது என்று பிளினி வியக்கிறார். மருத்துவர்கள் நல்ல பதில்தான் சொன்னார்கள். இதை வைத்து இன்றைய கருணைக்கொலைச் சட்டங்களுக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, மருத்துவரைக் கேட்காமல் அரிஸ்டோ தன் நோய்க்குத் தானே தீர்ப்பு எழுதவில்லை என்பது.

கே: இதையெல்லாம் படிக்க எங்கே தொடங்கலாம்?

ப: செனேகாவின் கடிதங்களில் 78, பிறகு 104. 70-ஐ நல்ல மனநிலையில் இருக்கும்போது, கடைசியாகப் படியுங்கள். எபிக்டெடஸின் உரைகளில் இரண்டாம் புத்தகத்தின் 15-ஆம் பகுதி, மூன்று பக்கம் கூட வராது. புளோட்டினஸ் எழுதியது கடினம். ஆனால் அவரைப் பற்றி போர்ஃபிரி எழுதிய வாழ்க்கை வரலாறு கதை மாதிரி ஓடும், வீட்டுக்கு வந்த சம்பவம் பதினோராம் பகுதியில் இருக்கிறது. 'ஃபீடோ'வைப் படிப்பதென்றால் முதலிலிருந்து படியுங்கள்.